இடுப்பில் கட்டும் பம்பு

லண்டன்
12.3.1984

அன்புள்ள ஆத்தாவுக்கு, மகன் உக்கிரபாண்டி கும்பிட்டு எழுதுறது. உன் முழங்கால் வலி தேவலையா? அய்யா ஏலத்தோட்டத்துலருந்து இறங்கிட்டாரா?

பயப்படாம கேளு. சின்ன வயசுலருந்து நான் போட்டுக்கிற சர்க்கரை ஊசிக்குப் பதிலா, இன்சுலினுக்கு ஒரு பம்பு மாட்டப்போறோம்னு டாக்டர் சொன்னார். அய்யா ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற பம்பை நினைச்சுக்கிட்டு, “முதுகுலயா?”ன்னு கேட்டுட்டேன். மனுசன் சிரிச்சுட்டார். சோப்பு டப்பா அளவுதான் ஆத்தா! இடுப்புல கட்டிக்கணும். நூலாட்டம் ஒரு குழாய் வழியா வயித்துத் தோலுக்குள்ள மருந்து கொஞ்சங்கொஞ்சமா இறங்குமாம். அய்யா முதல்ல வெறுந்தண்ணி ஊத்தி அடிச்சுப் பாப்பாருல்ல, அதேமாதிரி இங்கயும் ஒரு வாரம் உப்புத்தண்ணி ஊத்திப் பழகச் சொல்லியிருக்காங்க. உள்ள மோட்டார் சுத்துதான்னு அடிக்கடி காதுல வச்சுக் கேட்டுக்கிறேன்.

அதைப் போட்டுக் கட்ட ஒரு பை தைச்சு அனுப்பு. கடைத்துணி வேண்டாம், உன் பழைய சேலையில தை.

சோலிக்கு நேரமாச்சு, பஸ்சு போயிரும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ராத்திரி மயக்கம் வந்தா எழுப்ப வீட்டுல யாரு இருக்கான்னு நர்சம்மா கேட்டாங்க. உன் பேரைச் சொல்லிட்டேன்.