நானூறு இலைக்கட்டும் ஓர் அந்துப்பூச்சியும்

ஹோம்புஷ், சிட்னி
6-9-1976

திரு. கல்யாணசுந்தரம் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் என் தங்கை பாமாவும் நலமென்றே நினைக்கிறேன். "பூச்சி பிடிக்கிறவனுக்கா பெண்?" என்று கேட்டு உங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தவன், இப்போது ஒரு பூச்சி விஷயமாகத்தான் எழுதுகிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்திலிருந்து பிர்ச் மரத்தின் காய்ந்த இலை நானூறு கட்டு விற்பனைக்கு இறக்கினேன். அந்த ஊர்க்காரர்கள் ஆவிக்குளியலில் அதை வைத்துத் தங்களையே அடித்துக்கொள்வார்கள். நம்மூரில் வேப்பிலை அடிக்கப் பூசாரி வேண்டும். இவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை. துறைமுகத்தில் ஒரு கட்டிலிருந்து அரிசியளவு அந்துப்பூச்சி பறந்துவிட்டது. அதிகாரிகள் அதைப் பிடித்துக் கிளேட்டனில் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துச் சொல்பவர் நீங்கள்தானாம். "ஆபத்தில்லை" என்று ஒரு வரி போதும், சரக்கை விட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
கோ. கோபாலகிருஷ்ணன்

கிளேட்டன்
13-9-1976

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததிலிருந்து பாமா உறையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பூச்சி வந்தது. வடக்கே பனிக்காடுகளில் பிர்ச் இலையைச் சுருட்டி, உள்ளேயே குடியிருந்து தின்னும் இனம். நிச்சயப்படுத்த அதன் பிறப்புறுப்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பார்த்தேன். சந்தேகமில்லை. பிர்ச் தவிர வேறெதையும் தொடாது. முடிவை யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
கல்யாணசுந்தரம்

ஹோம்புஷ்
17-9-1976

திரு. கல்யாணசுந்தரம் அவர்களுக்கு,

அது எங்கெங்கே என்ன வைத்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிர்ச் மட்டும்தானே தின்னும்? இந்த நாட்டுக் காட்டில் பிர்ச் ஏது? பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதை எழுதுங்கள், யோசிக்க என்ன இருக்கிறது?

பாமாவுக்குச் சீராக ஒரு ஃப்ரிட்ஜ் அனுப்பியிருக்கிறேன். பூச்சிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் சம்பந்தமில்லை.

கோ. கோபாலகிருஷ்ணன்

கிளேட்டன்
24-9-1976

அன்புள்ள மச்சான்,

காட்டில் இல்லைதான். எங்கள் தெருவில் மட்டும் பதினேழு பிர்ச் மரங்கள் நிற்கின்றன. யாரோ ஆசையாக நட்டவை. சரக்கை எரிக்கச் சொல்லி எழுதிவிட்டேன். மன்னியுங்கள். ஃப்ரிட்ஜைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்துப் பாமா என்னோடு பேசவில்லை.

அன்புடன்,
கல்யாணசுந்தரம்

ஹோம்புஷ்
12-10-1976

மாப்பிள்ளைக்கு,

நானூறு கட்டையும் எரித்தார்கள். கூடவே நின்று உங்களைத் திட்டினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஆளை எடைபோடத் தெரியாதவன் வியாபாரத்தில் நிற்க முடியாது. உங்களை நான் தப்பாக எடைபோட்டேன். எனக்காகக்கூட ஒரு பொய் எழுதாதவர், என் தங்கையிடமா சொல்லப்போகிறார்?

தலைதீபாவளிக்கு அழைக்க வேண்டியவன் அழைக்கவில்லை. இரண்டு வருஷம் தாமதம்தான். பாமாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு நூல் கொடுத்ததும் ஒரு பூச்சிதான். அதன் எந்த உறுப்பையும் பார்க்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்,
கோபாலகிருஷ்ணன்