மைனி பேசிய வசனங்கள்

மைனி,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அலமாரியைத் திறந்து, நம்முடைய டிவிடிகளை எல்லாம் கட்டிலில் பரப்பியிருந்தார். களியக்காவிளையில் பஸ் மாறும்போதெல்லாம் நீங்கள் வாங்கிச் சேர்த்தவை. நீங்கள் போட்டுவைத்த பாச்சை உருண்டையின் மணம் அந்த உறைகளிலிருந்து இன்னும் போகவில்லை.

நீங்கள் காய்ச்சலில் கண்மூடிய பிறகுதான் உங்களைக் கட்டின என் அண்ணன் சவுதி வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் ஒரு லீவுக்குக் கொண்டுவந்த ஹோம் தியேட்டர் ஞாபகம் இருக்கிறதா? பாட்டு ஓடினால் தெருமுனை வரை கேட்கும். சண்டைக்கு ஜன்னல் அதிரும். ஆள் பேச ஆரம்பித்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல இருக்கும். சவுண்டைக் கூட்டிவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரம் பார்த்து வில்லன் துப்பாக்கியை எடுப்பான். உங்களால் ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. திருட்டு டிவிடி என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தோம்.

ஒரு நாள் அலுத்துப்போய் ரிமோட்டை என் மடியில் போட்டீர்கள்.

"ஏட்டி, இவங்க பேச்செல்லாம் உங்க அண்ணன்கூட சவுதியிலயே நின்னுட்டு போலிருக்கு. இனி நான் பேசுதேன்."

அன்று தொடங்கியது. கோர்ட்டில் கதாநாயகன் நெஞ்சில் அடித்துக்கொண்டு முழங்குவான். நீங்கள் முகம் மாறாமல், "ஐயா, காலையிலயிருந்து ஒண்ணும் திங்கல்ல. தீர்ப்பைச் சட்டுனு சொன்னா மரச்சீனிக்கிழங்கு ஆறதுக்குள்ள வீட்டுக்குப் போவேன்" என்பீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். படத்தின் கதை என்னவென்று கடைசிவரை தெரியாது. யாருக்கு அது வேண்டும்?

ரயில் நிலையத்தில் கதாநாயகி கணவனை வழியனுப்பும் அந்தப் படத்துக்கு மட்டும் நீங்கள் வேடிக்கை பேசியதில்லை. அவள் உதடு அசைவுக்குச் சரியாக, மெதுவாகச் சொல்வீர்கள்: "போயிட்டு வாங்க. அடுத்த மட்டம் வரும்போ பால்பொடியும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். நீங்க வந்து இங்க இருந்தா போதும்."

இதை அண்ணனிடம் போனில் சொல்லட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "சும்ம இரிட்டி. அங்க கெடந்து கஷ்டப்படுத மனுஷன்" என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

போன ஞாயிறு அண்ணன் அந்த மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்து, எங்கெங்கோ அமுக்கி எதையோ மாற்றினார். ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு படத்தில் கதாநாயகி கணீரென்று பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மெஷின் சத்தத்தைப் பல ஸ்பீக்கருக்குப் பங்குவைக்குமாம். பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கருக்குப் போகுமாம். அதைத்தான் இப்போது ஓரத்து ஸ்பீக்கர்களுக்குத் திருப்பிவிட்டாராம். நம் வீட்டில் நடு ஸ்பீக்கர் என்று ஒன்று இருந்ததே இல்லையே என்றேன்.

"லக்கேஜ் வெயிட் கூடிப்போச்சு. சின்னதாத்தானே இருக்கு, இது எதுக்குன்னு ரூம்ல உள்ளவனுக்குக் குடுத்துட்டேன். அந்த எடத்துல பால்பொடி டின் வச்சேன்" என்றார்.

நீங்கள் விளையாட்டாகச் சொன்னது உண்மை, மைனி. பேச்சு சவுதியில்தான் நின்றுபோயிருந்தது.

பிறகு அந்த ரயில் நிலையப் படத்தைப் போட்டார். கதாநாயகி, "போனதும் கடிதம் போடுங்கள்" என்றாள். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. "மைனி இதை விட நல்லா பேசுவாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது. நாம் படம் பார்த்த ஞாயிறுகளில் அவர் ஊரில் இருந்ததே இல்லை. கோர்ட் வசனத்தைச் சொன்னேன். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரித்து முடித்து, படத்தைப் பின்னால் ஓட்டி, சத்தத்தை அடியோடு குறைத்தார்.

"இதுக்கு அவ என்ன சொல்லுவா?"

சொல்லக்கூடாது என்று நீங்கள் தடுத்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் இப்போது எங்கேயும் போய்க் கஷ்டப்படவில்லை. உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த உதடு அசைந்ததும் சொன்னேன். நீங்கள் இழுக்கும் இடமும் நிறுத்தும் இடமும் என் வாயில் அப்படியே வந்தன. இத்தனை காலம் அவற்றை வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, சத்தத்தைக் கூட்டாமலே, போன ரயிலைத் திரும்ப நிலையத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னொருக்கா சொல்லு மக்கா."