அஸருக்கு எந்த ஊர்ச் சூரியன்

நொரில்ஸ்க்,
டிசம்பர், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள இல்ஷாத்துக்கு,

உன் மீது அமைதி உண்டாகட்டும். நானும் மாமாவும் நலம். நலம் என்றால், எழுந்து நடமாடுகிறோம்.

சூரியன் போய்விட்டது. இனி ஜனவரியில்தான். ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, இரண்டு வார்டு பார்க்கிறேன். தூங்கி எழுந்தாலும் களைப்பு அப்படியே இருக்கிறது.

நிழலை அளந்துதான் அஸர் தொழுகைக்கு நேரம்; நிழலே விழாத மாதத்தில் அது எப்போது என்ற தகராறு உனக்குத் தெரிந்ததுதான். பள்ளிவாசலில் தெற்கே உள்ள ஊர் ஒன்றின் நேரத்தை வைத்துத் தொழுகிறார்கள். மாமா, உன் அப்பாவாயிற்றே, அவர் மட்டும் கசான் நேரம். கைக்கடிகாரத்தைக்கூட மாற்றவில்லை. "போகப்போற ஊரு நேரம்தானே, இப்பவே பழகிக்கறேன்" என்பார். கசானில் பிற்பகல் என்றால் இங்கே இரவுச் சாப்பாட்டு வேளை. நான் சூப்பை மேசையில் வைக்கும்போது அவர் அஸருக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் போவார். மறுபடி சுடவைப்பேன்.

பக்கத்து வீட்டுச் செவில் கேட்டாள்: "ஏன்டி ஃபிரூஸா, உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை சாயங்காலம்?" மாமா உள்ளேயிருந்து, "உன் வீட்ல இன்னும் விடியவே இல்லையே, அதைப் பாரு" என்றார். அன்று கொஞ்சம் சிரித்தோம்.

மாமா நமக்கு மூட்டை கட்ட உதவிக்கென்று ஜூலையில் வந்தவர். கிராமத்து வீட்டை விற்றுவிட்டு வந்தவர். பத்து நாளில் கசானில் வீடு பார்த்துவிட்டு வந்து இருவரையும் அழைத்துப் போகிறேன் என்று நீ கிளம்பினாய். அவர் பெட்டி இன்னும் வாசற்கதவுக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள். "இல்ஷாத் தூங்கறாரு, எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். மாமாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சமையலறையில் எனக்குக் கேட்டது. "வேணாம்மா, தூங்கட்டும்" என்று வைத்துவிட்டார். என்னிடம் வந்து, "லைன் கிடைக்கல" என்றார். சரி மாமா என்றேன்.

மறுநாள் பனிப்புயல். சொல்லாமல் வெளியே போனார். பள்ளிவாசலிலிருந்து இந்த ஊர்த் தொழுகை நேர அட்டையை வாங்கி வந்து குளிர்பெட்டியில் ஒட்டினார். கடிகார முள்ளைத் திருப்பினார். மதியம் தாண்டியதும் அஸருக்கு நின்றார்.

வந்ததிலிருந்து அவர் அஸர் இரண்டு சுற்று, இரண்டு ரக்அத்துதான். பயணிக்குத் தொழுகை பாதிதானே. நாளைக்குக் கிளம்பிவிடுவோம் என்று நினைத்திருக்கிறவரை எத்தனை மாதமானாலும் பயணிதான் என்பார். அன்றும் இரண்டோடு முடிப்பார் என்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிக்கவில்லை. எழுந்தார். மூன்று. நான்கு. குடியிருப்பவனின் தொழுகை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "முட்டி வலிக்குதும்மா, பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

இல்ஷாத், எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். அவரிடம் ஒரு முறை பேசு. வரப்போவதில்லை என்றாலும் உன் வாயால் சொல். ஊகித்துத் தெரிந்துகொள்ளும் வயதில்லை அவருக்கு. அவருக்கு இங்கே இடம் உண்டு. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

நீ இருக்கிற வீட்டில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மருமகள்
ஃபிரூஸா