சாயமில்லாத ஒயில்

அண்ணா,

இன்று காலையும் மூதூர் இறங்குதுறைக்குப் போனேன். உங்கள் போட் கட்டுகிற கட்டைக்கு அருகில், தண்ணீரில் அதே ஒயில் படலம். உள்ளங்கை அகலம்தான். அந்தக் கட்டையில் இப்போது ஒருவரும் போட் கட்டுவதில்லை. அலை வந்தால் கலைகிறது. போனதும் அதே இடத்தில் கூடுகிறது.

எஞ்சின் பெற்றோலில் கலக்க நீங்கள் வழமையாய் வாங்குவது நீல ஒயில். சண்டையால் பொருள்களுக்குத் தடை வந்தபின் கடையில் அது இல்லை. பதிலுக்குத் தந்த போத்தலைக் குசினி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"கம்பஸ்காரி, இதை ஒருக்கா வாசி. ஏன் சாயமே இல்லை?"

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். முன்பக்கத்துப் பெரிய இங்கிலிஷ் எழுத்தை மட்டும் வாசித்தேன். "முழு சின்தெட்டிக், அண்ணா, செயற்கையாய்ச் செய்தது. சாதா ஒயிலைவிடத் திறம். சுத்தமானது, அதுதான் சாயமில்லை." அந்தக் காரணம் நானாகச் சொன்னது.

"அப்ப எஞ்சினுக்கும் பட்டமளிப்பு விழாதான்," என்று அண்ணி சிரித்தா.

"ஓம், படிச்சவள் சொன்னால் சரி," என்று பெற்றோலில் கலந்தீர்கள்.

மறுநாள் காலை நேவிக்காரரிடம் பாஸைக் காட்டிவிட்டுக் குடாவுக்குள் போனீர்கள். எஞ்சின் சத்தம் கனத்துக் கேட்டது. வெள்ளைப் புகை தண்ணீர்மேல் படுத்தது. திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட நினைத்தேன். ஆட்கள் நின்றார்கள், கூச்சம்.

மூன்றாம் நாள் போட் மட்டும் மிதந்து வந்தது. நங்கூரக் கயிறு நனையாமல் சுருட்டியபடியே இருந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றபின் உங்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

மெக்கானிக் கரி மூடிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். "ஆர் இதைக் கலக்கச் சொன்னது? இது மோட்டார் சைக்கிளுக்கு, எஞ்சினுக்குள்ள நின்று சுத்துற ஒயில். போட்டுக்குப் பெற்றோலோட எரிஞ்சு தீருற ஒயில் வேணும். அதிலயும் சின்தெட்டிக் இருக்கு. பேர் ஒண்டு, வேலை வேற."

அண்ணி என்னைப் பார்த்தா. போத்தலை எடுத்து என் கையில் தந்தா.

போத்தல் என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கம், சின்ன எழுத்தில், கடைசி வரி: பெற்றோலுடன் கலக்க வேண்டாம்.

இப்போதும் கடலுக்குப் போகிறவர்கள் போத்தலோடு வருகிறார்கள். "பிள்ளை, வாசியுங்கோ." நான் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குகிறேன்.

இன்றும் இறங்குதுறையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் கேட்கும்படி அந்த வரியை உரக்க வாசித்தேன். அன்று வாசிக்காமல் விட்டவள் நான்தான் என்றும் சொன்னேன். அண்ணியும் நின்றா.

சாயமில்லாத அந்த ஒயில் தண்ணீரில் எல்லா நிறமும் காட்டியது. அலை வந்தது. படலம் இம்முறை கலையவில்லை. கட்டையை விட்டு மெல்ல நகர்ந்து, என் காலடியில் வந்து நின்றது.