கருமண் பிடித்து வைத்தது

செவ்வாய், இரவு.

கல்லறைத் திருநாள் வருகிறது. என் வீட்டுக்காரர் கல்லறைமேல் போட்டுச் சாமந்தி நடலாம் என்று, காப்பிச் செடிக்கு அடியில் இலை மக்கிக் கிடந்த கருமண்ணைக் கூடையில் அள்ளினேன். மண் பரிசோதனைக்கு வந்த பெண் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க அக்கா, இங்க இலை நோவுக்கு மயில்துத்த மருந்து அடிப்பீங்களா?"

"எங்க ஊட்டுக்காரர் வருசா வருசம் அடிப்பாரு கண்ணு. அதெல்லாம் மழையில போயிருக்குமே."

"எங்கீங்க போவுது? அதுல இருக்கற தாமிரத்தை இந்தக் கருமண்ணு கெட்டியாப் புடிச்சு வச்சுக்குமுங்க."

"அப்ப சாமந்தி செத்துப்போயிருமா?"

"மண்ணு புடிச்சு வச்சிருக்கறதால வேருக்கு நொம்பப் போவாதுங்க. பயப்படாம நடுங்க."

அவர் சட்டைகளைக்கூட யாருக்கோ கொடுத்தாயிற்று. அவர் வேலை செய்த அடையாளம் எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். அவர் அடித்தது இன்னும் இந்த மண்ணில் இருக்கிறதாம். அவள் போனதும் கூடையை அதே செடியடியில் கவிழ்த்து, சருகைத் தள்ளி மூடினேன். கல்லறைக்கு வேறு மண் பார்க்க வேண்டும்.