என்ஜின் மேல் நின்ற காசு

ஜூன் 3

நான் அன்றைக்கே சொன்னேன். தங்கை மகன் அந்தப் படகை வாங்கி ஆற்றில் இறக்கிய அன்றே, "மாப்ளே, இந்த என்ஜின் கம்பெனிக்காரன் சீக்கிரம் கடையைக் கட்டிடுவான், பார்ட்ஸுக்கு நாக்குத் தள்ளப் போவுது பாரு" என்றேன். கேட்டானா? கம்பெனி மூடியாயிற்று. இன்று பிஸ்டனும் பிளந்துவிட்டது. எந்தக் கடையிலும் இல்லை. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற பிழைப்பு அவனுடையது. படகு நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். "நான் இருக்கேன்டா, வீட்டுலயே செஞ்சு தர்றேன்" என்றேன். பிஸ்டன் என்ன, பெரிய பிரம்ம வித்தையா?

ஜூன் 7

கொல்லையில் உலை தயார். பழைய எண்ணெய் டின்னுக்குள் களிமண் பூசி, கரி கொட்டி, காற்றுக்கு மனைவியின் ஹேர் டிரையரைக் கட்டினேன். ராக்கெட் விடுகிறவர்கள் பார்த்தால் வேலையை ராஜினாமா செய்வார்கள். பிளந்த பிஸ்டனையே மண்ணில் பதித்து அச்சு எடுத்தேன்.

லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம்.

"எதை உருக்கப் போறீங்க?"

"அலுமினியம்."

"எந்த அலுமினியம்? மெக்கானிக் ஷெட்டுல பழைய பிஸ்டனாக் கேட்டு வாங்கி உருக்குங்க. கண்டதைப் போட்டா சூட்டுல உப்பி, சிலிண்டரைக் கவ்விக்கும்."

அந்த மெக்கானிக்கிடம் போய் நான் கை நீட்டுவதா? அலுமினியத்தில் என்னய்யா ஜாதி பார்ப்பது?

ஜூன் 8

குளியலறை ஜன்னலின் அலுமினியச் சட்டத்தைக் கழற்றினேன். "ஏங்க, இனிமே நான் எங்க குளிக்கிறது, நடுரோட்டுலயா?" என்றாள் மனைவி. சாக்கைக் கட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 12

வார்த்தாயிற்று! மூன்றாவது தடவையில். (முதல் இரண்டும் ஒத்திகை.) வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது. லேத்காரர் முணுமுணுத்துக்கொண்டே கடைந்து கொடுத்தார். "எதை உருக்கினீங்கன்னு கேக்கலை. கேட்டா எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு. படகுல ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் கரையிலயே ஓட்டிப் பாருங்க. கவ்வினா இங்கயே கவ்வட்டும்."

மருமகன் கட்டட வேலைக்குக் கூலிக்குப் போகிறான். நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 14

மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். என்ஜினைச் செங்கல் மேல் ஏற்றி ஓட்டினேன்.

சாயங்காலம் தங்கை வீட்டில் சொன்னேன்: "ரெண்டு மணி நேரம், மாப்ளே! என்ஜின் தலையில ஒரு காசை நெட்டுக்குத்தா நிறுத்தினேன். ஆடலையே!"

தங்கை சிரித்தாள். "காசு தானா நின்னுச்சா அண்ணே, இல்ல நீங்க பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

மருமகன் சிரிக்கவில்லை. "மாமா சொன்னா சரியா இருக்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். செங்கல் தூக்கி அவன் உள்ளங்கை உரிந்திருந்தது.

ஜூன் 17

படகு ஓடுகிறது. டீக்கடையில் காசுக் கதையைச் சொன்னேன். இப்போது அதில் இரண்டு காசு, ஒன்றின் மேல் ஒன்று.

ஜூன் 19

இதுவரை கூட்டமில்லை. இன்று படகு நிறைய ஆட்கள். நடு ஆற்றில் என்ஜின் சூடேறிச் சட்டென்று நின்றுவிட்டது. படகு இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துத் தூணில் மோதியது. பள்ளிக்கூட டீச்சர் தண்ணீரில் விழுந்துவிட்டார். எடுத்துவிட்டார்கள். கைதான் முறிஞ்சிருக்கு. எடுத்துட்டாங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் ஆகலைன்னா ஏன் இப்படி எழுத்து கோணுது?

ஜூன் 20

லேத்காரர் பிரித்தார். சுத்தியலால் அடித்தும் பிஸ்டன் அசையவில்லை. சிலிண்டரோடு ஒன்றாகிக் கிடந்தது.

"ஆயில் கம்மியானாலும் இப்படித்தான் ஆகும்" என்று முந்திக்கொண்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டிப் பாத்தீங்கல்ல?"

மருமகன் பதில் சொன்னான்: "பாத்தாருண்ணே. ரெண்டு மணி நேரம். காசுகூட ஆடலை. நான்தான் அன்னிக்கு ஆயில் பாக்காம விட்டிருக்கேன் போல."

நான் குனிந்து, கீழே கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஜூலை 4

அவன் படகில் யாரும் ஏறுவதில்லை. அவனுக்கு 'ஆயில்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். படகை விறகு விலைக்குத் தள்ளிவிட்டான்.

ஜூலை 21

போட்டிப் படகுக்காரனிடம் கயிறு பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என்ஜின் பக்கம் அவனை அண்டவிடுவதில்லையாம். தங்கை அழுதாள்: "சோத்துல கை வெச்சுக்கிட்டே யோசிக்கிறான் அண்ணே, எப்ப ஊத்தினேன், எப்ப விட்டேன்னு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மனசு ஆறும்."

போனேன். சொன்னேன். "விடு மாப்ளே, மறதி யாருக்குத்தான் இல்லை?"

சரின்னு தலையாட்டறான். என்னைப் பாத்துத் தலையாட்டறான்!

காசு நிற்கவில்லை. ஒரு காசும் இல்லை, இரண்டு காசும் இல்லை. அன்று ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை மாட்டினேன், ஆனால் நான் அதைச் சுற்றவே இல்லை. கவ்விவிட்டால் லேத்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம். கைப்பிடியைக் கழற்றி, துடைத்து வைத்துவிட்டு, குளியலறைச் சாக்கு காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு செங்கல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி நேரம். அது மட்டும் நிஜம்.