ஜோடி ஜோடியாக வாங்கிய மீன்கள்

என் அன்பு மாப்பிள்ளை,

நீங்கள் அங்கே கர்த்தரிடத்தில் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் இங்கே உங்கள் மீன்தொட்டியில் நான் கைவைத்ததைப் பற்றித்தான். என் தங்கை எஸ்தரை நீங்கள் கட்டிய நாளிலிருந்து நான் எதற்கும் உங்களிடம் யோசனை கேட்டே பழகிவிட்டேன். இப்போது யாரிடம் கேட்பது?

நீங்கள் போன பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வயதானவைதானே. செடிகள் மட்டும் செழித்துக்கொண்டே போகின்றன. நீங்கள் நட்ட அந்த நீளப் புல் நீர்மட்டம் வரை வந்து வளைந்து கிடக்கிறது. மிஞ்சியது ஒரே ஒரு கௌராமி, நீங்கள் ‘பெரியவர்’ என்று கூப்பிட்ட அந்தத் தேன் நிற மீன். அதுவும் மரக்கட்டைக்குப் பின்னால் பதுங்கிவிட்டது. தீனி போட்டாலும் வெளியே வருவதில்லை.

போன மாதம் செம்பாக்கம் வீட்டுக்குப் போனபோது எஸ்தர் சொன்னாள்: “அண்ணா, தொட்டிய சர்ச்சுக்குக் கொடுத்துடறேன். சண்டே ஸ்கூல் ஹால்ல வச்சுக்கறாங்களாம், மாசக் கடைசி சனிக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க. சாப்பிட உக்காந்தா எதிர்ல அதான் இருக்கு. அது ஒளிஞ்சிட்டு இருக்கறத என்னால பாக்க முடியல.”

தொட்டியின் பக்கத்தில் உங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது. கொஞ்சம் பொறும்மா, சின்ன மீன்கள் வாங்கிவந்து பார்க்கிறேன் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது?

வீட்டுக்கு வந்து படித்தேன். சிறுமீன்கள் கூட்டமாக வெளியே திரிந்தால், ஆபத்து ஒன்றுமில்லை என்று பதுங்கும் மீனும் வெளியே வருமாம். ஆனால் எந்த மீன்? நியான் டெட்ரா கண்ணுக்கு அழகு, நம் போர் தண்ணீரின் உப்பைத் தாங்குமா? வரிபோட்ட டேனியோ எதையும் தாங்கும், ஆனால் ஓயாத ஓட்டம். பெரியவர் மிரண்டுவிட்டால்? ராஸ்போரா சாது, உடம்பில் செம்பு நிறமும் ஒரு கறுப்பு முக்கோணமும்தான். எஸ்தருக்கு அது மங்கலாகத் தெரியுமோ?

தாம்பரம் கடையில் நெடுநேரம் நின்றும் முடிவு வரவில்லை. கடைசியில் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கினேன். எதையும் ஒதுக்கவில்லை என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

தொட்டியில் விட்டதும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு செடிக்குள் போய்ப் புகுந்துகொண்டது. மறுநாளும் அப்படியே. தொட்டி முன்பைவிடக் காலியாகத் தெரிந்தது.

“இது என்னண்ணா, நோவா பேழைல ஏத்துன மாதிரி ஜோடி ஜோடியா?”

“எல்லாம் கூட்டமாப் போற மீன்தாம்மா.”

“கூட்டமாப் போறத ரெண்டு ரெண்டாக் கூட்டிட்டு வந்தா? தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி முழிக்குதுங்க பாருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள், மாப்பிள்ளை. நீங்கள் போனபின் நான் கேட்கும் முதல் சிரிப்பு. ஒரு வகை மீனில் நிறைய வேண்டும் என்று நான் படித்த பக்கத்திலேயே இருந்தது. படித்தும் என் புத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பயந்தது.

“கிளம்புங்க, நானும் வர்றேன்,” என்றாள். ஆலயத்தைத் தவிர வேறெங்கும் போகாதிருந்தவள். ஷேர் ஆட்டோ ஏரியைத் தாண்டும்போது எட்டிப் பார்த்து, “இவ்ளோ தண்ணி எப்ப வந்துச்சு?” என்று கேட்டாள்.

கடையில் நான் மறுபடி ஆரம்பித்தேன்: நியானா, டேனியோவா, உப்பு, ஓட்டம்.

“அண்ணா, ஒண்ணச் சொல்லுங்க. உங்க மாப்பிள்ளையக் கட்டிக்கறதுக்கே நான் இவ்ளோ யோசிக்கல.”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “அக்கா சொல்றது கரெக்ட்டு சார்.”

ராஸ்போரா என்றேன். பத்து. மற்ற இரண்டு ஜோடிகளையும் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தபோது அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பொறுத்திருந்து, மெதுவாகத் திறந்தோம். பத்தும் ஒன்றாக ஒதுங்கி நின்றன. புல்லுக்குள் கிடந்த பழைய ராஸ்போரா ஜோடி தலைநீட்டிப் பார்த்தது. பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் நீந்திப்போய் நடுவில் கலந்துவிட்டது. அதன்பின் எது பழையது, எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. பெரியவர் மட்டும் வரவில்லை. தவறான மீனோ என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. “அண்ணா, பெரியவர் வந்துட்டாரு. சின்னதுங்க நடுவுல நின்னுட்டு, நான் சாப்பிடறதப் பாக்கறாரு.”

மறுநாள் தொட்டியை எடுக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாளாம். கூடவே, ஹாலுக்கு மீன் வாங்குவதாக இருந்தால் ஒரே வகையாக வாங்கச் சொன்னாளாம்.

நீங்கள் கடைக்குப் போனதும் கைநீட்டி ‘அது’ என்பீர்களே, உங்களுக்கு உள்ளூரப் பயமே இருந்ததில்லையா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிச்சூரில் என் வீட்டிலிருந்து வருவேன். பாதித் தண்ணீரை மாற்றுவதா, கால்வாசியா என்று அங்கே வந்தும் யோசிப்பேன், அதை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் கிளம்பிவிட மாட்டேன். எஸ்தர் சாப்பிட உட்காரும்போது நானும் ஒரு தட்டு வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்,
ஜெபமணி